தாய்மாமன் வெளியே நிற்கிறார்

குழந்தையைத் தத்துக் கொடுக்க மனு எப்படித் தயாரிப்பது, எந்த அலுவலகத்துக்கு எதை அனுப்புவது என்பதையெல்லாம், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். என் காலத்துச் சட்டம் வேறு, உங்கள் காலத்துச் சட்டம் வேறு. நான் சொல்லி நீங்கள் செய்தால் இரண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம். ஆகவே சட்டத்தை விட்டுவிடுகிறேன். குழந்தைகள் இல்லத்தில் காலம் தள்ளியவள் என்ற முறையில், ஒரே ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் எழுதித் தருகிறேன். மேடையில் வந்து பேசச் சொன்னார்கள். மேடை ஏறினால் எனக்கு இருமல்தான் வரும்.

எங்கள் இல்லம் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் இருந்தது. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே வார்டன். பெயர்தான் வார்டன். பால் பவுடர் கரைப்பதிலிருந்து திருச்சி கோர்ட்டில் கைகட்டி நிற்பது வரை எல்லாம் என் தலையில்தான். ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் நான் டீச்சரம்மா. அந்தப் பக்கத்தில் படித்த பெண்பிள்ளை என்றால் டீச்சராகத்தான் இருக்க வேண்டும்.

குழந்தையின் பெயர் கமலம். அவள் அம்மா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமந்தவள். காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அப்பன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டான், அவன் வழியிலும் ஆட்கள் இல்லை. உறவினர் எவரும் இல்லை என்று விசாரித்து எழுதிக் கொடுத்து, குழந்தையை எங்களிடம் ஒப்படைத்தார்கள். வரும்போது இரண்டு வயது இருக்கும். இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியிருந்தது. தலை நிறையச் சுருட்டை முடி. வாய் அதைவிடப் பெரிது.

பிள்ளையில்லாத உள்ளூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள். கமலம் பேசுகிற பேச்சில் மயங்கிப்போய்ப் பக்கத்தில் உட்காருவார்கள். அவள் எழுந்து நடந்ததும் அவர்களுக்கு ஊரில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் போன பிறகு அவள் என்னிடம், "டீச்சரம்மா, அவங்க ஏன் பொசுக்குன்னு போயிட்டாங்க?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லித்தான் எனக்கு அலுத்துப்போயிற்று.

அவளுக்கு நாலு வயதாகும் சமயத்தில்தான் பனி பெய்யும் ஒரு தேசத்திலிருந்து ஒரு தம்பதி அவளைக் கேட்டார்கள். காலும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினோம். அவர்கள் அந்தப் படத்தை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டி, சின்ன வயதிலேயே அறுவை செய்தால் இரும்புக் கம்பி இல்லாமல் நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு எழுதினார்கள். கூடவே ஒரு பெட்டி நிறையக் கம்பளிச் சட்டைகளும் வந்தன. பெரம்பலூர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன் என்று கமலம் ஒரே அடம்.

ஆனால் நேரம் நல்ல நேரமாக இல்லை. வெள்ளைக்காரனுக்குப் பிள்ளை விற்கிறார்கள், கொண்டுபோய் ரத்தம் எடுக்கிறார்கள் என்று டீக்கடை தோறும் பேச்சு. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளே, நான் யாரென்று தெரியாமல், என்னைப் பற்றி என்னிடமே சொல்லிவிட்டு இறங்கினாள். திருச்சி நீதிபதியின் காதுக்கும் அது போயிருக்க வேண்டும். முதல் வாய்தாவில் அவர் கமலத்தைப் பார்த்தார், மனுவைப் பார்த்தார், எங்கள் வக்கீலைப் பார்த்தார். "அடுத்த வாய்தாவுக்கும் குழந்தையைக் கூட்டிவாருங்கள். உறவினர் யாருமில்லை என்று எழுதியிருப்பது எனக்குத் திருப்தியானால்தான் ஆர்டர்" என்றார்.

இங்கேதான் அஞ்சலை வருகிறாள். எங்கள் ஆயா. கமலத்துக்குச் சோறு ஊட்டியவள், காலுக்கு எண்ணெய் தேய்த்து உருவிவிட்டவள். திருமழபாடிக்காரி. வாய்தாவுக்கு முந்தின வாரம் என்னிடம் வந்து நின்றாள்.

"ஊரு விட்டு ஊரு போற புள்ள, டீச்சரம்மா. எங்கூரு கோயில்ல ஒரு தடவ கொண்டாந்து காட்டிட்டு வரேன். கொள்ளிடத்துல தண்ணி கெடக்கு, குளிப்பாட்டிட்டுப் பொழுதோட வந்துடறேன்."

போய் வா என்றேன். இதில் என்ன இருக்கிறது?

பொழுதோடு வந்தாள். கமலத்தின் தலை மொட்டை. அதன்மேல் சந்தனம். இரண்டு காதும் சிவந்து வீங்கி, சின்னத் தங்கக் கம்பி வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் பொரி உருண்டை. அவர்களுக்குப் பின்னால், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான ஒரு மனிதர் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார்.

"யாரு அஞ்சலை இது?"

"கமலத்தோட மாமன். பெத்தவளோட கூடப்பொறந்த தம்பி. கலியபெருமாளுன்னு பேரு, பூலாம்பாடிப் பக்கம். மாமன் மடியில ஒக்காராம எப்புடிக் காது குத்தறது? குவாரில வேல செய்யற பொம்பளைங்கள்ட்ட விசாரிச்சிப் புடிச்சிக் கூட்டியாந்தேன்."

அஞ்சலையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "உறவுக்காரங்க யாருமே இல்லன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கோம், தெரியுமா ஒனக்கு?"

அஞ்சலை என்னை விநோதமாகப் பார்த்தாள். "அதுல மாமன எப்புடிங்க சேப்பீங்க? புள்ள மேல உரிமை அப்பன் வூட்டுக்குத்தான். மாமனுக்கு என்ன இருக்கு? மடி குடுக்கணும், சீர் செய்யணும். அதுக்குத்தான் கூட்டியாந்தேன். காது குத்தாம அனுப்பிச்சா நாதியத்த புள்ளன்னுல்ல ஆயிடும். அந்த ஊருல யாரு குத்துவா?"

கத்தத்தான் வாயைத் திறந்தேன். பிறகுதான் உறைத்தது. அஞ்சலை மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் நினைக்கிறது. விசாரணைக்குப் போனவர்கள் பிள்ளைக்கு உரியவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருப்பார்கள். உரியவர்கள் என்றால் அப்பன் வழி. இல்லை என்று ஊர் சொல்லியிருக்கும். மாமனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. நீங்கள் விசாரணைக்குப் போகும்போது உறவினர் உண்டா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். மாமன் உண்டா, சித்தி உண்டா, அம்மாவைப் பெற்ற அம்மாயி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

கலியபெருமாள் கரும்பு வெட்டுகிறவர். அக்கா இறந்த சமயம் ஆலைக்கு வெட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோதுதான் சேதி தெரிந்தது. பிள்ளையைச் சர்க்கார் எடுத்துக்கொண்டுவிட்டது என்று சொன்னார்களாம்.

"சர்க்கார்ட்ட போயி புள்ளையக் குடுன்னு எப்புடிங்க கேக்கறது?" என்றார். பிறகு, "எங்கியோ அனுப்பப்போறீங்களாம். எந்த ஊருங்கம்மா அது? பஸ்ஸு போவுமா?" என்று கேட்டார்.

மறுநாளே திருச்சிக்கு ஓடினேன். வக்கீல் நல்ல மனிதர். எங்கள் குழந்தைகளுக்காக எத்தனையோ முறை வெயிலில் நின்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விசிறிக்கொண்டே சொன்னார். "மொட்டையா? பேன் தொல்லை, சிரங்கு, அடிச்சிட்டோம். காது குத்துறது வழக்கம்தானே. மாமன் கதையெல்லாம் இப்ப எடுக்காதீங்க. எடுத்தா மனு தள்ளுபடி. அந்தாளு வெட்டுக்குப் போறவரு, அவரா இந்தக் காலுக்கு வைத்தியம் பாக்கப்போறாரு? புள்ளையோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஆபத்து. பிள்ளையின் நல்லதுக்கு என்று சொல்லிவிட்டால் நம் கை எதையும் செய்யும். அந்தத் தம்பதி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார்கள். அறுவை தள்ளிப்போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மனு விழுந்தால் இன்னொருவர் கமலத்தைக் கேட்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பஸ்ஸில் வரும்போது பேன் தொல்லை என்றே சொல்லிவிடலாம் என்று பாதி முடிவு செய்துவிட்டேன்.

இல்லத்துக்குள் நுழைந்தால் கமலம் எல்லாப் பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு காதைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க மாமா மடியில ஒக்காந்தேன். வலிச்சிச்சு. மாமா கண்ணப் பொத்திக்கிச்சு." மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று எழுந்து வந்து என் புடவையைப் பிடித்து, "எங்க மாமா எப்ப வரும் டீச்சரம்மா?" என்றது. இன்னொன்று வந்தது. அப்புறம் எல்லாமே வந்தன. அங்கே நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். நான் பொய் சொல்லலாம், வக்கீல் சொல்லலாம். ஆனால் ஜட்ஜ் கமலத்தைக் கேட்டால்? உனக்கு மாமா இல்லை என்று சொல்லு என அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டும். இருக்கிற ஒரே சொந்தத்தை வாயால் இல்லை என்று சொல்லவைத்து விமானம் ஏற்ற வேண்டும். அது என்னால் ஆகாது என்று பட்டது. அன்றைக்கே பூலாம்பாடிக்கு ஆள் அனுப்பி, வாய்தா நாளில் கோர்ட்டுக்கு வரும்படி கலியபெருமாளிடம் சொல்லச் சொன்னேன்.

அந்தத் தம்பதி முந்தின நாளே இல்லத்துக்கு வந்தார்கள். மொட்டைத் தலையைப் பார்த்து அந்த அம்மாள் சிரித்தாள். வீங்கிய காதைப் பார்த்து முகம் சுளித்தாள். மாமனைப் பற்றி நான் சொன்னதும், இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அவருக்கு வேண்டுமென்றால் அவருக்குத்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அவள் தோள் குலுங்கியது. நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குள் போவதற்கு முன், மாமனைப் பற்றிச் சொல்லிவிடுவோம் என்று நான் சொன்னதை வக்கீல் ஏற்கவில்லை. தன் வழக்கில் தானே மண்ணைப் போடுவதா என்று அவருக்குக் கோபம். நீதிபதி குழந்தையைக் கிட்டே கூப்பிட்டதும் முந்திக்கொண்டார். "சிரங்கு வந்ததால் முடி எடுத்துவிட்டார்கள், யுவர் ஆனர்."

நீதிபதி தலையைப் பார்க்கவே இல்லை. நாமம் போட்ட, வயதான மனிதர். அவர் கமலத்தின் காதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வக்கீலை விட்டு என்னிடம் திரும்பி, வீட்டு மனிதரைப் போலத் தமிழில் கேட்டார்.

"யார் மடியில உட்காரவச்சுக் குத்தினீங்க?"

"தாய்மாமன் மடியிலங்க ஐயா" என்றேன்.

"அப்படி ஒருத்தர் இருக்காரா?"

"இருக்காருங்க. போன வாரந்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. வெளிய நிக்கறாரு."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கலியபெருமாளைக் கூப்பிட்டார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார், உள்ளே ஏறச் சொன்னதும் பயந்துபோனார். கமலம் சும்மா இருப்பாளா? "மாமா" என்று சத்தம் போட்டுக் கையை ஆட்டினாள்.

"இந்தக் குழந்தையை நீ வளர்க்கிறியா?" என்று நீதிபதி கேட்டார்.

"எங்கிட்ட யாரும் இதுவரைக்கும் கேக்கலீங்க" என்றார் கலியபெருமாள்.

நீதிபதி எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினார்தான். முன்பு எழுதிக் கொடுத்தது எப்படித் தப்பாயிற்று என்று நிற்கவைத்துக் கேட்டார். ஆனால் மனுவைத் தள்ளவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டு, அதுவரை மாமன் குழந்தையைத் தன் வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்க்கட்டும், முடிவை அவர் வாயால் கேட்கிறேன் என்றார். வெளியே வந்ததும் வக்கீல் என்னிடம், "மறைச்சு மாட்டியிருந்தோம்னா இனிமே உங்க இல்லத்திலிருந்து ஒரு குழந்தைகூடப் போயிருக்காது" என்றார்.

கமலம் பூலாம்பாடிக்குப் போனாள். அந்தக் கணவர் வேலைக்காக ஊர் திரும்பிவிட்டார். அந்த அம்மாள் திருச்சி லாட்ஜில் தங்கி, கூட்ட பஸ்ஸில் இடிபட்டு வந்து, எங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அஞ்சலை அவளுக்குத் துணி பிழியச் சொல்லிக்கொடுத்தாள், குறையும் சொன்னாள்.

கலியபெருமாள் நான் நினைத்ததற்கு முன்பே கமலத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு கட்டுக் கரும்பு. ஒரு துண்டை அந்த அம்மாளிடம் நீட்டினார். அவள் அதை வைத்துக்கொண்டு விழித்தாள். கமலம் பல்லால் உரித்துக் காட்டினாள். அந்த அம்மாள் உரிக்கப் பார்த்து உதட்டைக் கிழித்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். கலியபெருமாள் வேறொரு துண்டை எடுத்து, கத்தியால் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தார்.

பிறகு என்னிடம் வந்தார். "வெட்டு ஆரம்பிச்சா வூட்டப் பூட்டிட்டுக் குடும்பத்தோட கெளம்பிடுவோம். எங்க காடு இருக்கோ அங்கதான் குடிசை. வரப்புல இதால நடக்க முடியல டீச்சரம்மா. தூக்கிக்கிட்டே நடந்தேன். தூக்க எனக்கு ஆசதான். ஆனா தூக்கிக்கிட்டு வெட்ட முடியாதே." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கக்கா இருந்தா என்னா சொல்லும்னு நெனச்சிப் பாத்தேன். போவட்டுங்க. ஆனா ஒண்ணு. அந்தம்மாகிட்ட சொல்லுங்க. கம்மல கழட்டிடாம வச்சிருக்கணும். காது தூந்துடக் கூடாது."

ஓட்டை மூடிவிட்டால் குத்தினதே இல்லை என்று ஆகிவிடும். அவர் மடி கொடுத்ததற்கு வேறு சாட்சி ஏது? அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சின்னப் பிள்ளைக்குக் காது குத்துவது அந்த அம்மாளுக்குப் பிடிக்காத காரியம். ஆனாலும் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கலியபெருமாள் நீதிபதியிடம் தன் வாயாலேயே சம்மதம் சொன்னார். கமலம் போனாள்.

எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கு மனமில்லை. வெட்டுக்குப் போகாமல் ஓரிடத்தில் இருந்து பிழைக்க அந்த மனிதருக்கு ஒரு வழி இருந்திருந்தால், கமலம் பூலாம்பாடியில் வளர்ந்திருப்பாள். இந்த உறுத்தல் எனக்கு இன்றும் உண்டு. பிள்ளையை வெளியே அனுப்புவதற்கு முன்னால் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த முடியுமா என்று பாருங்கள் என இப்போது உங்களிடம் சொல்கிறார்களே, அதைச் சடங்குக்குச் செய்யாதீர்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் கலியபெருமாள் மனைவியோடு இல்லத்துக்கு வந்தார். கையில் பித்தளைத் தாம்பாளம், மேலே மூடிய துணி. திறந்தால் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், சந்தனம், மஞ்சள், குங்குமம். நடுவில் ஒரு ஜோடி தங்கக் கம்மல்.

"தாய்மாமன் சீருங்க. அனுப்பிடுங்க."

"கமலம் பெரியவளாயிட்டான்னு சேதி வந்துச்சா?" என்றேன். எனக்கே தெரியாதே.

"ஆயிருக்கும்ல. எம் மூத்த பொண்ணுக்கும் அதுக்கும் ஒரே வயசு. எம் பொண்ணு ஒக்காந்து மாசம் ரெண்டாச்சு." அவர் சிறிது தயங்கினார். "பொண்ணு தனியா ஒக்கார மாமந்தான் பச்ச ஓலையில குச்சு கட்டணும். அந்த ஊருல தென்ன ஓல கெடைக்குமாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது சிரிப்பாகவே முடியவில்லை. அஞ்சலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கெடைக்காது. அவங்க பனியில கட்டிக்குவாங்க" என்றாள்.

வெளிநாட்டுப் பார்சல் கட்டுவதென்றால் லப்பைக்குடிக்காடுதான். வளைகுடாவில் இருக்கும் ஆட்களுக்கு அனுப்பி அனுப்பி அங்கே ஒரு கடைக்கார பாய்க்குக் கை பழகியிருந்தது. வளையல்களை வைக்கோலில் பொதிந்து, துணி சுற்றித் தைத்தார். விலாசத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கம் இல்லியேம்மா" என்றார். யாருக்கு, எதற்கு என்று சொன்னேன். தைத்ததற்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. "மாமன் சீரு, இன்ஷா அல்லாஹ் ஒடையாமப் போய்ச் சேரும்" என்றார்.

சில மாதம் கழித்து ஒரு படம் வந்தது. கலியபெருமாளுக்குச் சொல்லி அனுப்பினேன். வெட்டிலிருந்து அப்படியே வந்தார், கையெல்லாம் கரும்புத்தாள் கிழித்த கோடு. படத்தில் பனி கொட்டிக் கிடந்தது. அதன் நடுவில், தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே தாவணியைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு, கை நிறைய வளையலோடு ஒரு பெண் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் அஞ்சலையும் அவள் காலைத்தான் பார்த்தோம். கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை. இரண்டு காலிலும் சாதாரண பூட்ஸ். அஞ்சலை அந்தக் காலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கலியபெருமாள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, சாய்த்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"காது தூரல, டீச்சரம்மா" என்றார்.

அப்புறம்தான் காலைப் பார்த்தார்.